வாய்ப்பு என்பது கூலி ஆகாது

நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைக்குக் கூலியின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டும் ஓடுகிற ஊர் இது. ஓவர்டைம், போனஸ், ஊதிய ஒப்பந்தம், பணி நிரந்தரம் என்ற பேச்செல்லாம் சோற்றோடு சேர்ந்தே காதில் விழும் வீடுகள் இங்கே ஏராளம். நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி, தனக்கும் நியாயமான சம்பளம் வேண்டும் என்று கேட்டுத் தெருவில் உட்கார்ந்த ஊர். வேலை வாங்கிவிட்டுக் கூலியை மறுப்பது அநியாயம் என்பதில் இங்கே இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் இந்த நியாயத்தை நாம் மறந்துவிடுகிறோம். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தச் செலவில் கிடாரையும் ட்ரம்ஸையும் சுமந்து வந்து, நம் கல்லூரி விழாவிலும் ஊர் விழாவிலும் வாசித்துவிட்டுப் போகிற இளம் இசைக்குழுக்கள்தான் அவர்கள். அவர்களுக்குக் கையில் ஒரு கேடயத்தையும் தோளில் ஒரு சால்வையையும் கொடுத்து, “உங்களுக்கு இது நல்ல வாய்ப்பு தம்பி” என்று அனுப்பிவைக்கிறோம். நெய்வேலி மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்கள் இதைத்தான் செய்கின்றன. இது தவறு. அறியாமல் செய்வது என்று சொல்லித் தப்பிக்க முடியாத தவறு.

இந்த வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு விழாவில் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். நான்கு இளைஞர்கள், ஒரு பெண். மாலை நான்கு மணிக்கு வாடகை வேனில் வந்து இறங்கினார்கள். ட்ரம்ஸின் உலோகத் தட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார் ஒருவர். சவுண்ட் செக் செய்ய மைக்செட்காரர் பத்து நிமிடம்தான் கொடுத்தார். ஏழு மணிக்கு என்று சொன்ன நிகழ்ச்சி ஒன்பதரைக்குத்தான் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டாவது பாட்டு ஏழு அட்சரத்தில் ஓடியது. ஒன்பது நிமிடம் இருக்கும். பாட்டு முடிவதற்குள்ளேயே ஒருங்கிணைப்பாளர் மேடையோரம் வந்து, “தம்பி, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடுங்கப்பா” என்றார். பாடிய பெண் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “சார், இது எங்க சொந்தப் பாட்டு சார், இன்னும் ரெண்டு நிமிஷம்தான்” என்றார். அந்த இரண்டு நிமிடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் கணக்குத் தாள் விரிந்தது. பந்தல், நாற்காலி, மைக்செட், ஜெனரேட்டர், டீசல், பிரியாணி என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை இருந்தது. அந்தந்த ஆள் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அது அவர்கள் உரிமை. இசைக்குழுவின் பெயருக்கு எதிரே ‘நினைவுப் பரிசு’ என்று எழுதியிருந்தது. வேன் வாடகைக்கு அவர்கள் தங்களுக்குள் சில்லறை திரட்டிக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர்காரர் அவர்களிடம் போய், “அந்த ரெண்டாவது பாட்டு, முதல்ல மூணு அப்புறம் நாலுதானே? எங்க பக்கத்துல தவில்ல வாசிப்பாங்க” என்றார். அன்று முழு இரவிலும் அந்தப் பாட்டைப் பற்றி யாராவது சொன்ன ஒரே சொல் அதுதான். டீசல் டின்னில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார் அந்த மனிதர்.

“இதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாது” என்று சொல்பவர்களுக்கு அந்த ஜெனரேட்டர்காரர்தான் பதில். புரோகிரெசிவ் ராக் என்று உலகம் அழைக்கும் இந்த இசை 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் உருவெடுத்தது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969இல் வந்தது. யெஸ் குழு 1972இல் ஒரே பாட்டைப் பதினெட்டு நிமிடத்துக்கும் மேலாக விரித்தது. அதே ஆண்டில் ஜெத்ரோ டல் குழு இசைத்தட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பியது. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும், நான்கு நான்காக எண்ண வேண்டும் என்ற கட்டாயத்தை உடைத்து, ஐந்திலும் ஏழிலும் தாளம் அமைத்து, ஒரு பாட்டுக்குள்ளேயே பல பகுதிகளைக் கோத்து வளர்ப்பதுதான் இந்த இசையின் அடிப்படை.

இதில் நமக்கு அந்நியமானது எது? ஐந்து என்றால் கண்ட சாபு, ஏழு என்றால் மிஸ்ர சாபு. தகிட தகதிமி என்று நம் கோயில் வாசலில் தவில் பேசிய மொழி அது. ராகம் தானம் பல்லவியை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட மரபுக்குப் பதினெட்டு நிமிடம் நீளமா? ‘ஹௌ டு நேம் இட்?’ என்று 1986இல் இளையராஜா சினிமாவுக்கு வெளியே ஒரு ஆல்பம் செய்து, பாக்கையும் தியாகராஜரையும் ஒரே அறையில் உட்காரவைத்தபோது, தமிழ் வீடுகள் அந்த கேசட்டைத் தேய்ந்துபோகும்வரை கேட்டன. காது நம்மிடம் இருக்கிறது. காது கொடுக்கும் பொறுமைதான் போய்விட்டது.

பக்கத்து மாநிலங்களில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். கொச்சியில் 1996இல் தொடங்கிய மதர்ஜேன், கிடார் தந்தியில் கமகத்தை வளைத்து ‘மக்தூப்’ என்ற ஆல்பத்தை 2008இல் கொடுத்தது. பெங்களூருவில் அகம் குழு கர்நாடக இசையையும் புரோகிரெசிவ் ராக்கையும் ஒன்றாகக் குழைத்தது. பகலில் அலுவலகம், இரவில் ஒத்திகை என்று ஓடியவர்கள் அதன் உறுப்பினர்கள். 2007இல் சன் தொலைக்காட்சியின் ‘ஊ லலல்லா’ போட்டியில் சிறந்த இசைக்குழுவாக வந்தும், முதல் ஆல்பம் வெளிவர 2012 ஆகிவிட்டது. அதே பெங்களூருவின் புராஜெக்ட் மிஸ்ரம், கொன்னக்கோலை மெட்டல் இசைக்கு நடுவே நிறுத்தி 2021இல் ‘மீஸோ’ ஆல்பத்தை வெளியிட்டது. இவர்களில் யாரும் ஒரே இரவில் முளைத்தவர்கள் இல்லை. நூறு பேர், இருநூறு பேர் கூடிய சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்து வாசித்துத் தேறியவர்கள்.

நெய்வேலிக்கு இதில் ஒரு பங்கும் உண்டு. இங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 1,470 மெகாவாட் தமிழ்நாட்டோடு கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் பிரித்து அனுப்பப்படுகிறது. மின்சாரம் இல்லாவிட்டால் இந்த இசையே கிடையாது. பெங்களூரு மேடையில் முழங்கும் கிடாருக்குள்ளும் கொச்சியில் அதிரும் ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் நம் பழுப்பு நிலக்கரியின் சூடு கொஞ்சம் இருக்கிறது. அந்த இசை மட்டும் நம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. வரும் வழியில் நாம் மேடையும் போடவில்லை, டிக்கெட்டும் வாங்கவில்லை.

சிறிய மேடையை அலட்சியம் செய்கிறவர்கள், பெரிய கலைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். இளையராஜாவின் கை பழகியது அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில், ஊர் ஊராகப் போட்ட மேடைகளில். ‘ரோஜா’ 1992இல் வருவதற்கு முன்பு ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ என்ற குழுக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து போன விக்கு விநாயகராம் கடத்தோடு அமர்ந்த சக்தி குழுவின் முதல் ஆல்பம், 1975 ஜூலையில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் நேரடியாகப் பதிவானது. அன்று அந்தக் கல்லூரிக்குக் கேட்க வந்தவர்கள் “தெரிஞ்ச பாட்டா போடுங்க” என்று எழுந்து கத்தியிருந்தால் நம் கடத்துக்கு உலகம் கிடைத்திருக்குமா? அதே சக்தி குழு 2024இல் கிராமி விருது வாங்கியபோது நாம் எல்லோரும் நம் வெற்றி என்று கொண்டாடினோம். கனியில் பங்கு கேட்பவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

“இப்போதுதான் எல்லாம் போனிலேயே கேட்கலாமே, அதில் அவர்களுக்குப் பணம் வரும்தானே” என்று சிலர் கேட்கிறார்கள். வராது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆயிரத்தைத் தாண்டினாலும் கிடைப்பது வேன் வாடகைக்குப் போதாது. பெயர் தெரியாத குழுவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வருமானம் நேரடி நிகழ்ச்சி: வாசலில் விற்கும் டிக்கெட், மேடையோரம் விற்கும் சட்டை, அழைத்தவர்கள் கொடுக்கும் கூலி. அந்த ஒரே வாய்க்காலையும் நாம் அடைத்துவிட்டால், அந்தக் கிடார் ஒரு நாள் பழைய பொருள் விற்கும் இடத்துக்குப் போகும். போயிருக்கின்றன, நிறைய.

ஊர் சிறியது, நம்மால் என்ன முடியும் என்ற சமாதானமும் செல்லாது. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கு, நெய்வேலியைவிட எட்டாத இடம். அபதானி மக்கள் நெல்லும் மீனும் ஒரே வயலில் வளர்க்கும் மலைநாடு. அங்கே 2012இல் இரண்டு நண்பர்கள் தொடங்கிய இசை விழா, சொந்தப் பாட்டு பாடும் குழுக்களைத் தேடி நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறது. மூங்கிலால் மேடை கட்டுகிறார்கள். இந்திய ராக் இசைக்கு இதழ் நடத்தி ஒரு தலைமுறையையே வளர்த்த ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 1993இல் தொடங்கியது மும்பையிலோ டெல்லியிலோ இல்லை; அலகாபாத்தில். ஊரின் அளவு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. அக்கறைதான் அளவுகோல்.

ரசிகர்களின் கடமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் மரில்லியன் என்ற புரோகிரெசிவ் ராக் குழு, 1997இல் அமெரிக்கா வர எங்களிடம் பணம் இல்லை என்று சொன்னது. அமெரிக்க ரசிகர்கள் தங்களுக்குள் 60,000 டாலர் திரட்டி, வாருங்கள் என்று அழைத்தார்கள். 2001இல் அதே குழுவின் ஆல்பத்துக்கு, ஒரு சுரம்கூடப் பதிவாகும் முன்பே 12,000க்கும் மேற்பட்டோர் விலையைக் கட்டினார்கள். நம் ஊரில் கோயில் கொடைக்கும் கூத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலித்தோமே, அதே மனசுதான் அது. கூத்துக்கட்டியவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊருக்கு ஆகாது என்று நம் பாட்டன்மார் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பக்தி இருந்ததோ இல்லையோ, நீதி இருந்தது.

பெரியவர்கள் சிறியவர்களுக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பிரிட்டனில் சிறிய இசை அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, கோல்ட்பிளே குழு 2025இல் அங்கே நடத்திய தன் பெரிய நிகழ்ச்சிகளின் வருவாயில் பத்து சதவீதத்தை அந்தச் சிறிய அரங்குகளைக் காக்கும் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. தாங்களும் அப்படிப்பட்ட அரங்குகளிலிருந்து வந்தவர்கள்தான் என்ற நன்றி அது. தமிழ்நாட்டில் ஒரே இரவில் கோடிக்கணக்கில் டிக்கெட் விற்கும் சினிமா இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்த மேடையில் முதல் அரை மணி நேரத்தை ஊர் பேர் தெரியாத ஒரு குழுவுக்குக் கூலியோடு கொடுப்பதில் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு எழுத மனம் ஒப்பவில்லை. 2023 ஜூலையில் சுரங்க வேலைக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் கொடுத்தவர்களின் கேள்விகள் இன்னும் தீராத மண்ணில் கிடாரைப் பற்றித் தலையங்கம் எழுதலாமா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். நம் பதில் இது: அந்த நெல்லுக்காகவும், ஊர் பெயர்ந்த தெருக்களுக்காகவும், சுரங்கத்தில் போன உயிர்களுக்காகவும் யார் பாட்டுக் கட்டப் போகிறார்கள்? சினிமாப் பாட்டுக்கு இந்த மண்ணின் முகவரி தெரியாது. பரவனாற்றங்கரையில் பிறந்த பிள்ளை கிடாரை எடுத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டுக் கட்டினால், அதில் அந்த வயல் இருக்கும். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறையாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் சேர்த்துச் சாதிக் கொடுமையைப் பாடியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து கேட்டார்கள். வலியுள்ள ஊருக்குச் சொந்தப் பாட்டு மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை.

நெய்வேலியால் இது முடியும் என்பதற்கு நெய்வேலியே சாட்சி. 1998 முதல் இங்கே புத்தகக் கண்காட்சி நடக்கிறது. ஒரு சுரங்க ஊருக்குப் புத்தகம் எதற்கு என்று அன்று கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஆனி, ஆடி வெயிலில் பண்ருட்டியிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து புத்தகம் வாங்கிப் போகிற குடும்பங்கள் உருவாயின. தினமணியோடு சேர்ந்து நடத்தும் சிறுகதைப் போட்டி, பெயரே கேள்விப்படாத எழுத்தாளர்களைப் பரிசு கொடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. புதிய கதைக்குப் பரிசு கொடுக்கத் தெரிந்த ஊருக்குப் புதிய பாட்டுக்குக் கூலி கொடுக்கத் தெரியாமல் போகுமா? இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து சங்கீத கலாநிதி விருதுவரை போனார் நெய்வேலி சந்தானகோபாலன். அந்தப் பெயரில் நமக்குப் பெருமை இருந்தால், அடுத்த பெயருக்கு இடம் கொடுக்கும் பொறுப்பும் இருக்கிறது.

எனவே சொல்ல வேண்டியதை நேராகச் சொல்கிறோம்.

விழா நடத்துகிறவர்களுக்கு: கணக்குத் தாளில் முதல் வரி இசைக்குழுவின் கூலியாக இருக்கட்டும். பந்தலுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பாட்டுக்குக் கொடுக்காதவர், விருந்துக்குக் கூப்பிட்டு இலையை மட்டும் போட்டு அனுப்புகிறவர். போக்குவரத்துச் செலவும், ஒழுங்கான சவுண்ட் செக் நேரமும், பாட்டை முடிக்கவிடும் மரியாதையும் அந்தக் கூலியோடு சேர்ந்தவை. பணம் இல்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும். வாய்ப்பு என்ற சொல்லைக் கூலிக்குப் பதிலாக நீட்டாதீர்கள்.

பொது நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும்: அரங்கு உங்களிடம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சினிமாப் பாட்டு இல்லாத ஒரு மாலை, சொந்தப் பாட்டு பாடும் ஒரு குழுவுக்குத் திறந்துவிடுங்கள். புத்தகக் கண்காட்சியின் மாலை மேடையிலும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். சிறுகதைக்கு இருப்பதுபோல் புதிய பாட்டுக்கும் ஒரு போட்டி வைத்தால் இன்னும் நல்லது.

கேட்கிறவர்களுக்கு, அதாவது நமக்கு: டிக்கெட் வாங்குங்கள். 500 ரூபாய்க்கு மேற்படாத கச்சேரி டிக்கெட்டுக்கு அரசே ஜிஎஸ்டி விலக்கு கொடுத்திருக்கிறது. தெரிந்தவர் மூலம் ஓசிப் பாஸ் தேடுகிற ஒவ்வொரு முறையும் மேடையில் நிற்கும் ஒருவரின் சட்டைப் பையில் கை விடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பாட்டு முடிந்த பிறகு எழுந்து போகலாம். அது உங்கள் உரிமை. பாட்டு நடுவில் வேறு பாட்டுக் கேட்பது உரிமையாகாது. முழுப் பாட்டையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது, வழக்கை விசாரிக்காமல் தண்டனை கொடுப்பதற்குச் சமம்.

பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று கிணறு வெட்டிய ஜம்புலிங்க முதலியார் 1930களில் சொன்னபோது, அதை நம்பி ஒரு நிறுவனம் வர இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்த பிறகும், மேல்மண்ணைத் தோண்டி அகற்றி, அடியில் பொங்கும் தண்ணீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றிய பிறகுதான் முதல் நிலக்கரி கைக்கு வந்தது. அத்தனை ஆண்டும் அந்த வேலைக்குக் கூலி கொடுத்தோம். விளைச்சல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தோண்டியவரிடம் யாரும் சொல்லவில்லை. பாட்டுக் கட்டும் பிள்ளைகளிடம் மட்டும் அதை ஏன் சொல்கிறோம்?

அந்த ஐந்து பேரும் அன்று இரவு பதினோரு மணிக்கு வேனில் ஏறிப் போனார்கள். முடிக்காத அந்தப் பாட்டில் இரண்டு நிமிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கூலியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களைத் திரும்ப அழைத்து, அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்க வேண்டியது இந்த ஊரின் கடன்.